பேட்டரி முனையில் பூக்கும் மயில்துத்தம்

பத்தாம் வகுப்பில் உலோக அரிமானம் வரும்போது இரும்பாணிச் சோதனையைச் செய்து காட்டாத அறிவியல் ஆசிரியர் இருக்க மாட்டார். மூன்று சோதனைக்குழாய், மூன்று ஆணி. ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் கொதிக்க வைத்து ஆற்றிய நீரும் மேலே எண்ணெய்ப் படலமும், ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் உப்பு. நல்ல சோதனைதான். ஆனால் அதைவிடச் சுவையான அரிமானச் சோதனை ஒன்று நம் பள்ளி வளாகத்திலேயே, வேப்பமரத்தடியில் நிற்கும் கார்களின் பானெட்டுக்குள் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. பேட்டரியின் முனையில், பெரும்பாலும் சிவப்பு மூடி போட்ட நேர்முனையில், நீலமும் பச்சையும் வெள்ளையும் கலந்து பொடிப்பொடியாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்போம். திருச்சி மெக்கானிக்குகளிடம் கேட்டால், "டெர்மினல் பூத்திருக்கு சார்" என்பார்கள். பொருத்தமான சொல்தான். உப்புப் பூப்பது போலவே அது பூக்கிறது. வேதியியல்படியும் அது உப்புதான்.

இந்தக் கட்டுரையைக் கார் வைத்திருப்பவர்களுக்காக மட்டும் எழுதவில்லை. ஸ்கூட்டர் ஓட்டும் ஆசிரியைகளுக்கும், பள்ளி அலுவலகத்தில் இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கும் இதே கதைதான்.

விளக்கு எரிகிறது, வண்டி கிளம்பவில்லை

போன மார்ச் மாதப் பொதுத்தேர்வின்போது, ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் சக ஆசிரியை ஒருவரின் கார் காலையில் கிளம்பவில்லை. முகப்பு விளக்கு நன்றாக எரிந்தது. ஹாரன் அடித்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். ஆட்டோ பிடித்துத் தேர்வு மையம் போய்ச் சேர்ந்தார். மாலையில் ஒரு கடையிலிருந்து வந்து பார்த்தவர், "பேட்டரி போயிடுச்சு மேடம், புதுசு மாத்திடலாம்" என்றார். மூன்று ஆண்டுகூட ஆகாத பேட்டரி. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12.5 வோல்ட் காட்டியது. சாவியைத் திருப்பும் நேரத்தில் ஈய முனையின் மேல் ஒரு முள்ளும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பின் மேல் இன்னொரு முள்ளும் வைத்துப் பார்த்தோம். ஏறத்தாழ 2 வோல்ட்! ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவில் அவ்வளவு மின்னழுத்த வேறுபாடு இருக்கவே கூடாது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதும் முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. ஆன செலவு ஒரு பொட்டலம் ஆப்பசோடா.

ஏன் விளக்கு எரிந்தது, ஏன் வண்டி கிளம்பவில்லை? பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. முனைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் படிந்த உப்புப் படலத்தின் மின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். 55 வாட் முகப்பு விளக்கு இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். ஓம் விதிப்படி அந்தப் படலத்தில் இழக்கும் மின்னழுத்தம் 9 பெருக்கல் 0.02, அதாவது 0.18 வோல்ட். விளக்குக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்பது 150 ஆம்பியர் அளவில். 150 பெருக்கல் 0.02 என்றால் 3 வோல்ட். அவ்வளவு பெரிய மின்னோட்டத்தைக் கொடுக்கும்போது நல்ல பேட்டரியே பத்தரை வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதிலும் மூன்று போனால் மோட்டாருக்கு மிஞ்சுவது ஏழரை. அது முக்கும், திணறும், நின்றுவிடும்.

வெப்பத்தையும் கணக்குப் போடச் சொல்லலாம். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் 450 வாட். ஒரு சிறிய இஸ்திரிப்பெட்டி அளவுக்கான வெப்பம் கட்டைவிரல் பருமனுள்ள ஓர் இணைப்பில் வெளிப்படுகிறது. சில நொடி ஸ்டார்ட் செய்துவிட்டு முனையைத் தொட்டால் சுடுகிறது என்றால், பழுது பேட்டரிக்குள் இல்லை, அந்த இணைப்பில்தான் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

அடர்த்தி குறைந்த அமிலம் செம்பைத் தொடாதே?

இப்போது வேதியியல். வகுப்பில் ஒரு கெட்டிக்கார மாணவர் இருந்தால் கட்டாயம் கேட்பார்: "வினைதிறன் வரிசையில் செம்பு ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கிறது, நீர்த்த கந்தக அமிலத்தோடு அது வினைபுரியாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்புறம் இந்த நீலம் எங்கிருந்து வந்தது?"

சரியான கேள்வி. அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றச் செம்பால் முடியாது. ஆனால் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. செம்பு, ஆக்சிஜன், நீர்த்த கந்தக அமிலம் மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் மெதுவாகக் காப்பர் சல்பேட்டும் நீரும் உண்டாகும். ஹைட்ரஜன் வாயு வெளிவராது. இரும்பாணிச் சோதனையில் எண்ணெய்ப் படலம் போட்டு எதைத் தடுத்தோமோ, அதே ஆக்சிஜன்தான் இங்கும் குற்றவாளி. இந்தக் காப்பர் சல்பேட்தான் நம் ஊர் மயில்துத்தம். வெற்றிலைக் கொடிக்காலில் வாடல் நோய்க்குச் சுண்ணாம்போடு சேர்த்துப் போர்டோ கலவையாக ஊற்றுகிறார்களே, அதே நீலம். குளித்தலைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பாடநூலைத் திறக்காமலே நிறம் சொல்வார்கள்.

வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் லெட் சல்பேட். முனை ஈயக் கலவையால் ஆனது. ஈயத்தின்மேல் கந்தக அமிலம் பட்டதும் நீரில் அநேகமாகக் கரையாத லெட் சல்பேட் படலம் உண்டாகி, மேற்கொண்டு அமிலம் உள்ளே போகாமல் தடுக்கிறது. ஈயம் இந்த வேலைக்கு ஏற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. கிளாம்ப் பித்தளை என்றால் அதிலுள்ள துத்தநாகமும் வெள்ளை உப்பாகிறது. போல்ட்டும் நட்டும் இரும்பு, அவை தரும் பழுப்பும் சேரும். ஒரு பேட்டரி முனையைப் பார்த்து எந்த நிறம் எந்த உலோகத்திலிருந்து வந்தது என்று பட்டியல் போடச் சொல்வது நல்ல ஒப்படைப்பு. ஒளிப்படத்தைக் காட்டிச் செய்தால் போதும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இதில் உள்ளூர்ப் பெருமை ஒன்றும் உண்டு. அரிமானப் பொடியில் எந்த உப்பு இருக்கிறது என்பதை இன்று ஆய்வகங்களில் இனங்காணும் வழிகளில் ஒன்று ராமன் நிறமாலையியல். அந்தப் பெயருக்குரிய சர் சி.வி. ராமன் 1888-இல் பிறந்தது திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவிலுள்ள திருவானைக்காவலில்.

அமிலம் எப்படி வெளியே வருகிறது

பிளான்டே 1859-இல் உருவாக்கிய ஈய அமில மின்கலம்தான் அடிப்படையில் இன்றைக்கும் நம் காரில் இருக்கிறது. ஒரு கலத்துக்கு 2.1 வோல்ட், ஆறு கலம், ஆக 12.6. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் இதற்கு 14 வோல்ட்டை ஒட்டி மின்னேற்றம் செய்கிறது. மின்னேற்றம் நிறைந்த பிறகும் மின்னழுத்தம் கூடுதலாக இருந்தால் உள்ளே இருக்கும் நீர் மின்னாற்பகுப்பு அடைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகக் கொப்பளிக்கும். கொப்புளம் உடையும்போது நுண்ணிய அமிலத் துளிகள் வாயுவோடு மேலே வருகின்றன. மூடியின் துளை வழியாக வெளியேறி முனையில் படிகின்றன. முனை பிளாஸ்டிக்கைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் அடைப்பு தளர்ந்திருந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அமிலம் ஈயத்தை ஒட்டிக் கசிந்து ஏறும். சில சமயம் கேபிளின் ரப்பர் உறைக்குள்ளும் ஏறிவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உறையைக் கிழித்தால் உள்ளே செம்பிழைகள் பச்சைப் பொடியாகியிருக்கும். அப்படியானால் சுத்தம் செய்து பயனில்லை, கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

ஏன் நேர்முனையில் அதிகம்? பேட்டரியின் மேற்பரப்பில் தூசி இருக்கிறது, அதில் அமிலஈரம் இறங்குகிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவில் மெல்லிய மின்பகுளிப் படலம் தயார். நேர்முனை ஆனோடாக நடந்துகொள்கிறது, அங்கே உலோகம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. இதை நேரிலேயே பார்க்கலாம். மல்டிமீட்டரின் கறுப்பு முள்ளை எதிர்முனையில் வைத்து, சிவப்பு முள்ளைப் பிளாஸ்டிக் மேற்பரப்பின் மேல் நகர்த்தினால், அழுக்கான பேட்டரியில் ஒன்றிரண்டு வோல்ட் காட்டும். பிளாஸ்டிக் மின்கடத்தி இல்லை. கடத்துவது அதன்மேல் உள்ள அழுக்கு. பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதற்கும் இது ஒரு காரணம்.

நம் ஊரின் வெயிலுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும். பானெட்டுக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். வெப்பம் ஏறினால் நீர் வேகமாகக் குறையும், வினைகளும் வேகமாக நடக்கும். நீர் குறைந்தது என்று கழுத்து வரை ஊற்றிவிடுகிறார்கள். மின்னேற்றத்தின்போது சூடாகி விரிவடைந்து அது வழிகிறது. வழிவது நீரல்ல, அமிலம். என் கணிப்பில், நீர் ஊற்றும் வகைப் பேட்டரிகளில் முனை பூப்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் தாராள மனசுதான். தகடுகள் மூழ்கி அதற்குமேல் ஒரு சென்டிமீட்டர் போதும். மேல்கோடு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. ஊற்றவேண்டியது கடையில் கேனில் விற்கும் காய்ச்சி வடித்த நீர். காவிரித் தண்ணீர் குடிக்க அமிர்தமாக இருக்கலாம், பேட்டரிக்கு ஆகாது. ஆர்.ஓ. நீரிலும் கரைந்த உப்புகள் மிச்சமிருக்கும். ஒருபோதும் அமிலத்தை ஊற்றி நிரப்பக் கூடாது, குறைந்தது நீர் மட்டுமே.

சுத்தம் செய்யும் முறை

எஞ்சினை நிறுத்திச் சாவியை வெளியே எடுத்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். முதலில் கழற்ற வேண்டியது எதிர்முனை, அதாவது கறுப்பு. இதை மாணவர்களிடமும் கேட்கலாம்: ஏன்? காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனரின் மறுமுனை பானெட்டின் ஏதாவது இரும்பில் பட்ட நொடியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டு நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், பொறி பறக்கும். எதிர்முனையைப் பிரித்துவிட்டால் அந்தப் பாதையே இல்லை. மாட்டும்போது தலைகீழ்: சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில்.

நீர் ஊற்றும் வகை என்றால் எல்லா மூடிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், கரைத்து முனையின் மேலும் கிளாம்ப்பின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பொங்கும். கந்தக அமிலம் சோடியம் சல்பேட்டாக மாறி, கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. ஒன்பதாம் வகுப்பில் நடத்தும் நடுநிலையாக்கலின் நேரடி விளக்கம். பொங்குவது நின்றால் அமிலம் தீர்ந்தது என்று பொருள். காட்டி எதுவும் தேவையில்லை. சோடாக் கரைசல் கலத்துக்குள் போகக் கூடாது. போனால் உள்ளே இருக்க வேண்டிய அமிலத்தையே கெடுத்துவிடும்.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஈரமாகவே தேயுங்கள். லெட் சல்பேட் நீரில் கரையாது என்பதால், முனையையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் ஈரத்தோடு லேசாக உரச வேண்டியிருக்கும். பலரும் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு இந்த உட்புறத்தை விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் போவது அந்த வழியாகத்தான். பிறகு சுத்தமான நீரால் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாக உலரவிட்டு மாட்டி இறுக்குங்கள். கையால் திருகினால் கிளாம்ப் அசையக் கூடாது. அதற்காகப் பலம் முழுவதையும் காட்டி இறுக்கவும் வேண்டாம். ஈயம் மென்மையான உலோகம், முனை அசைந்தால் அடைப்பு தளர்ந்து புதுக்கசிவு தொடங்கும். கடைசியாக, இறுக்கி முடித்த பிறகு, வெளிப்புறம் முழுக்க வாஸ்லின் தடவுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் முன்பே தடவுவதைவிட இறுக்கிய பின் தடவுவதுதான் முறை. அதன் வேலை இரும்பாணிச் சோதனையில் எண்ணெய்ப் படலத்தின் வேலைதான்.

சுடுதண்ணீரை மட்டும் ஊற்றும் வழக்கம் நம் ஓட்டுநர்களிடம் உண்டு. டீக்கடையில் ஒரு கிளாஸ் வாங்கி ஊற்றினால் நீலம் கரைந்து ஓடிவிடும், பார்வைக்குச் சுத்தம். காப்பர் சல்பேட் சூடான நீரில் நன்றாகக் கரையும் என்பதுதான் காரணம். ஆனால் அமிலம் நடுநிலையாகவில்லை, அங்கங்கே ஓடி இரும்புத் தட்டில் இறங்குகிறது. சில வாரத்தில் மறுபடி பூக்கும், தட்டும் துருவேறும். கோலா ஊற்றுவது இன்னும் மோசம். அதுவே அமிலம், கூடவே சர்க்கரைப் பிசுக்கு. அவசரத்துக்குச் சுடுதண்ணீரை நான் மறுக்க மாட்டேன். கோலாவைக் குடித்துவிடலாம்.

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவல் வரை போய்த் திரும்பினால், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்னேற்றம்கூடத் திரும்பக் கிடைக்காது. திருவிழா நாட்களில் வண்டியை எடுக்கவே முடியாமல் வாரக்கணக்கில் நிற்கும். வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுவது நல்லது. மாறாக, சில மாதங்களுக்குள் முனை மீண்டும் மீண்டும் பூத்தால், வண்டி ஓடும்போது மின்னழுத்தத்தைப் பாருங்கள். 14.7-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைத்தான் சரிசெய்ய வேண்டும், எத்தனை பொட்டலம் சோடா வாங்கியும் பயனில்லை.

பள்ளிக்குள்

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் யு.பி.எஸ். பேட்டரிகள் பெரும்பாலும் மூடிய வகை. நீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் முனை இணைப்பு தளர்வதும் பூப்பதும் அங்கேயும் உண்டு. அவை தொடராக இணைக்கப்பட்டிருந்தால் மொத்த மின்னழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவில் இருக்கலாம். அங்கே நாம் பார்க்கலாம், தொடக் கூடாது. பராமரிப்பு ஊழியருக்குச் சொல்லிவிட வேண்டும். அலுவலக இன்வெர்ட்டரின் பெரிய பேட்டரி மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜனை வெளியிடும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே அது தீப்பற்றும். ஆகவே பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில், சன்னல் இல்லாத அறையில் அதை வைக்கக் கூடாது. ஆயுத பூஜையன்று பேட்டரிக்குப் பொட்டு வைக்கலாம், கற்பூரத்தை மட்டும் தள்ளி ஏற்றுங்கள்.

மாணவர்களைப் பேட்டரியைத் தொடவிடக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். அமிலம் ஒரு காரணம். கண்ணில் பட்டால் உடனே 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணில் சோடாக் கரைசலை ஊற்றவே கூடாது. ஆனால் அதைவிட எனக்குக் கவலை தருவது அந்த வெள்ளைப் பொடி. அது ஈயம். பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூளை வளரும் வயதில் அது கற்கும் திறனையே குறைக்கிறது. அதனால்தான் பொடியை வாயால் ஊதாதீர்கள், உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள் என்கிறேன். கழுவிய நீரைப் பள்ளிக் காய்கறித் தோட்டத்திலோ கிணற்றடியிலோ விடக் கூடாது. கையைச் சோப்பால் கழுவாமல் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொடக் கூடாது.

வகுப்பறைக்கு வேறு வழி இருக்கிறது. பளிச்சென்று தேய்த்த செம்புக் கம்பியைப் பாதி மூழ்கும்படி வினிகரில் வையுங்கள். இன்னொன்றைக் கொதிக்க வைத்து ஆற்றிய வினிகரில் முழுக்க மூழ்க வைத்து மேலே எண்ணெய்ப் படலம் போடுங்கள். சில நாட்களில் முதல் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி நீலப்பச்சை தோன்றும், இரண்டாவதில் அப்படித் தோன்றாது. ஆக்சிஜனின் பங்கு கண்ணுக்குத் தெரிந்துவிடும். மின்னோட்டவியலுக்கு: இரண்டு பென்டார்ச் செல், 100 ஓம் மின்தடையோடு ஒரு சிவப்பு எல்.இ.டி., அதற்குப் பக்க இணைப்பில் ஒரு பொம்மை மோட்டார். இரண்டும் இயங்கும். பிறகு மோட்டாரைப் பிரித்துவிட்டு, செல்லுக்கு அருகில் 22 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக நுழையுங்கள். எல்.இ.டி. எரியும். மோட்டாரை மீண்டும் இணைத்தால் அது திணறும் அல்லது நகரவே நகராது. ஸ்ரீரங்கத்துக் கார் அன்றைக்குச் செய்தது இதைத்தான்.

மேலும் காட்ட விரும்பினால் காரைக்குடி இருக்கிறது, திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கே இயங்குகிறது. மின்கலங்களும் அரிமானமும் அதன் முதன்மையான ஆய்வுத் துறைகள். உப்புக்காற்றில் உலோகங்கள் என்ன ஆகின்றன என்று பார்க்க மண்டபத்திலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளான செப்டம்பர் 26-ஐ ஒட்டி இத்தகைய ஆய்வகங்களை மாணவர்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள்.

இன்னொன்று, பள்ளியில் பழைய பேட்டரி ஏதாவது படிக்கட்டுக்கு அடியில் கிடக்கிறதா என்று பாருங்கள். எடைக்குப் போடக் கூடாது. உடைத்து உருக்கும் இடத்தில் ஈயம் மண்ணுக்கும் காற்றுக்கும் போகிறது. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. புதியது வாங்கும்போது பழையதைக் கடையில் ஒப்படைத்தால் விலையிலும் ஒரு தொகை குறையும். அதுவரை அதை நிமிர்த்தி, முனைகளை டேப்பால் மூடி, பிள்ளைகள் போகாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.